கோச்சும் கோச்சியும்

மூக்கு உடைகிற சத்தம் அவன் நினைத்திருந்ததைவிடச் சின்னது.

முறுக்குக் கடிப்பதுபோல.

மூக்கு அருள்நேசனுடையது. கை அவனுடையது. அதை முஷ்டி என்று சொன்னால் முஷ்டிக்கு அவமானம். கட்டைவிரலை உள்ளே வைத்து மடக்கியிருந்தான். முதன்முறையாக ஒருவனைக் குத்துகிறவன் அப்படித்தான் மடக்குவான்.

விரலும் சேர்ந்து முறிந்தது.

காரணமான மனிதர் தொலைக்காட்சியில் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். கால்பந்துக் கழகம் ஒன்றின் புதிய கோச். பச்சையும் செம்மஞ்சளுமாக ஒரு மஃப்ளரை யாரோ அவர் கழுத்தில் போட்டார்கள்.

ஆஸ்திரேலியக் கால்பந்தில் அந்தக் கழகம் கடைசி. போன வருடமும் கடைசி. கடைசிக்குக் கீழே ஓர் இடம் இருந்திருந்தால் அதையும் பிடித்திருக்கும்.

கோச் வேலைக்கு இரண்டு பேருடைய பெயர்கள் அடிபட்டன. ஒருவர் கத்துகிறவர். மற்றவர் தட்டிக்கொடுக்கிறவர்.

கழகம் கத்துகிறவரையே தேர்ந்தெடுத்தது.

டண்டினோங் புறநகரில், அருள்நேசனின் கராஜில், ஞாயிறு பின்னேரம், அதை ஒருவன் கொண்டாடினான். மற்றவன் துக்கம் காத்தான். இருவரையும் கோச்சுக்குத் தெரியாது.

"அடி விழவேணும் மச்சான். அடிச்சாத்தான் ஓடுவாங்கள்," என்றான் அருள்நேசன்.

"பாவமடா. தோத்துத் தோத்துப் பெடியளின்ர முகமே சுருங்கிப் போச்சு. அணைச்சு ஓடவைக்கிற ஆள் வேணும்."

"நீ சொல்லுற ஆள் கோச் இல்லடா. கோச்சி."

கோச்சி என்றால் யாழ்ப்பாணத்தில் ரயில்.

"எல்லா ஸ்டேஷனிலையும் நிண்டு, எல்லாரையும் ஏத்தி, கடைசியாத்தான் வந்து சேரும்."

அவனும் சிரித்தான். நல்ல பகிடி. தனக்குத் தோன்றாமல் போனதே என்று கொஞ்சம் வயிற்றெரிச்சல்.

"கடைசியாவது வந்து சேருமடா. உன்ர ஆள் தண்டவாளத்தையே கழட்டி வித்திடுவான்."

அருள்நேசன் சிரிக்கவில்லை.

வாசலில் சுபோதினி, அருள்நேசனின் மனைவி, பொரித்த ரோல்ஸ் தட்டோடு நின்றாள்.

"உனக்கு வாய் மட்டும்தானடா. ஆருக்காவது கை நீட்டியிருக்கிறியோ? சென்ட்ரி பொயின்டில ஆமிக்காரன் சப்பாத்தால மிதிக்கேக்கையும் கும்பிட்டுக்கொண்டுதானே கிடந்தனி?" என்றான் அருள்நேசன், அவளுக்கும் கேட்கும்படி.

அந்தக் கதையை அவன் உலகத்தில் ஒருவனிடம் மட்டுமே சொல்லியிருந்தான்.

சுபோதினி தட்டைப் பார்த்தாள்.

அவன் கையை மடக்கினான்.

அணைப்பை ஆதரித்தவனின் கடைசி வாதம் அது.

அருள்நேசனுக்கு அடிக்கத் தெரியும். முதலில் முழங்கால். வயிற்றில். பிறகு தன் தோளில் கிடந்த மஃப்ளர். அதே பச்சை, அதே செம்மஞ்சள். அவன் கழுத்தில் இரண்டு சுற்று, ஓர் இழுப்பு. அவன் நெற்றி குளிர்பெட்டிக் கதவில் மோதியது. இன்னொரு முறை மோதியது. கதவில் ஒட்டியிருந்த காந்தப் பழங்கள் எல்லாம் கொட்டின.

மூச்சு வரவில்லை.

அருள்நேசனின் தோளைக் கடித்தான். சட்டையோடு சேர்த்து. உப்புக் கரித்தது. பிடி தளர்ந்தது. இருவரும் சரிந்து விழுந்தார்கள். சுபோதினியின் தட்டிலிருந்து கொட்டிய ரோல்ஸ் ஒவ்வொன்றாக நசுங்கின. அருள்நேசனின் மூக்கிலிருந்து இரத்தம் அவன் கண்ணுக்குள் சொட்டியது.

புரண்டு மேலே வந்தான். இடது கையில் ஒரு போத்தல் அகப்பட்டது.

ஓங்கினான்.

கீழே அருள்நேசனின் முகம். அவன் இந்த நாட்டுக்கு வந்திறங்கிய நாள், விமான நிலையத்தில், தாள் அட்டையில் அவன் பெயரை எழுத்துப் பிழையோடு தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற முகம்.

ஓங்கிய கை இறங்கத் தொடங்கியது. அது இறங்குவதை அவன் பார்த்தான். நிறுத்துவது எப்படி என்றுதான் தெரியவில்லை.

தண்ணீர் முகத்தில் அறைந்தது.

சுபோதினி தோட்டக் குழாயோடு நின்றாள்.

"விடுங்கோ! ரெண்டு பேரும் விடுங்கோ! பக்கத்து வீட்டு வெள்ளை பொலிசுக்கு ஃபோன் அடிக்கப் போகுது!"

நாய்களைப் பிரிக்கிற அதே முறை. பலித்தது. போத்தல் சீமெந்தில் விழுந்து உருண்டது. உடையக்கூட இல்லை.

இரண்டு பேரும் நனைந்து உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு தொந்திகள் மேலும் கீழும் போய் வந்தன.

சுபோதினி குழாயை மூடினாள். கணவனுக்கு ஒரு துவாய். கொஞ்சம் யோசித்து, அவனுக்கும் ஒன்று.

அவன் காத்திருந்தான்.

இனி அருள்நேசனிடமிருந்து ஒரு வசவு வரவேண்டும். எருமை. மூதேவி. எது வந்தாலும் போதும். இத்தனை வருடத்தில் எந்தச் சண்டையும் அப்படித்தான் முடிந்திருக்கிறது. வசவு வந்துவிட்டால் எழுந்திருக்கலாம். அருள்நேசனைக் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலாம். வழியில், சிக்னலில் நிற்கும்போது, முகம் பார்க்காமல் மன்னிப்புக் கேட்டுவிடலாம்.

கெட்ட வார்த்தை என்றால் இன்னும் நல்லது.

அருள்நேசன் துவாயில் இரத்தத்தைத் துப்பினான். தன்னைக் குத்தியவனின் கட்டைவிரலையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அது நீலமாகிக்கொண்டிருந்தது.

"உங்கட விரல் வீங்கியிருக்கு," என்றான். "ஐஸ் வைச்சுக்கொள்ளுங்கோ."

யாரை 'நீங்கள்' என்கிறான் என்று அவன் திரும்பிப் பார்த்தான்.

பின்னால் ஒருவரும் இல்லை.