பல்லி போன நேர்காணல்

பல்கலைக்கழகத்தில் கடைசி வருஷம் படித்த பல்லிக்கு ஒரே ஒரு ஆசைதான்: தெருமுனை விளக்குக் கம்பத்தில் பூச்சி பிடிக்கும் வேலை. படிப்பில் கெட்டி. ஆனால் யாராவது அதட்டிவிட்டால் வாலைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடிவிடும்.

"தைரியம்ங்கிறது பழக்கம், தம்பி. யார் என்ன கேட்டாலும் நாற்காலியை விட்டு இறங்காதே. முக்கியமா, துடிப்பா இரு" என்று வேலைவாய்ப்புப் பயிற்சி கொடுத்த ஓணான் ஒரு மாதமாகத் தலையாட்டித் தலையாட்டிச் சொல்லிக்கொடுத்தது.

நேர்காணல் நடத்திய தேரை கண்ணை உருட்டியது. "உன்னை எதுக்கு நாங்க எடுக்கணும்?"

அவ்வளவுதான். பல்லி பீரோவுக்குப் பின்னால் இருந்தது. வால் மட்டும் நாற்காலியில் துள்ளிக்கொண்டிருந்தது.

தேரை இன்னும் நாலைந்து கேள்வி கேட்டு மிரட்டிப் பார்த்தது. வால் இறங்கவில்லை. துள்ளலும் குறையவில்லை.

"அடேங்கப்பா, என்ன துடிப்பு!" என்று தேரை வேலை உத்தரவை வாலிடம் நீட்டியது.

"ஐயா, அது என் வாலுங்க!" பல்லி பீரோ இடுக்கிலிருந்து கத்தியது.

"ஓடிப்போனவன் பேசக் கூடாதுப்பா. கடைசி வரைக்கும் உட்கார்ந்திருந்தவர் இவர்தான்."

மறுநாள் வால் அசையவே இல்லை. நிதானமும் இருக்கிறது என்று மெச்சி, தேரை அதை விளக்கின் பக்கத்திலேயே உட்கார வைத்தது. வேலை கிடைத்த மாணவர் என்று வாலின் படத்தை ஓணான் பல்கலைக்கழக வாசலில் மாட்டியது.

கொஞ்ச நாள் கழித்துப் பல்லி அழுதுகொண்டே வந்தது. "சார், என் கதி?"

ஓணான் அதன் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தது.

"புதுசு முளைக்குதே! நல்லா வளரட்டும் தம்பி, அதையும் அனுப்பிப் பார்ப்போம்."