நித்யமாலாவின் மகள் பேசுகிறார்

"கேமராவைப் பார்க்க வேண்டாம் மேடம். என்னைப் பார்த்துப் பேசுங்க. நித்யமாலா மேடம் முப்பது படத்துல அம்மாவா நடிச்சாங்க. உங்களுக்கு எப்படிப்பட்ட அம்மாவா இருந்தாங்க?"

யூடியூப் சேனல்காரன் முகேஷ்குமார் கேட்டுவிட்டு முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டான். பெற்ற பிள்ளையை ஊரில் போட்டுவிட்டுச் சென்னையில் சொகுசாக இருந்தவர் நித்யமாலா என்று சினிமா வட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. அதை மகள் வாயாலேயே வாங்கிவிட்டால் நாலு நாளைக்கு அவனுக்கு யோகம்தான்.

இறந்துபோன நித்யமாலாவுக்கு முப்பதாம் நாள் பூசை முந்தின நாள்தான் முடிந்திருந்தது.

மகள் அன்புக்கரசி தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"அவங்களை மாதிரி ஒரு அம்மா யாருக்கும் கிடைக்காது. ஷூட்டிங் இல்லேன்னா வேடசந்தூருக்கு ஓடி வந்துருவாங்க. எனக்குச் சடை பின்னி, சோறு ஊட்டி, ஸ்கூலுக்கு அனுப்புவாங்க."

அடுப்படியில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்த டெய்சிக்குச் சுருக்கென்றது.

டெய்சி, அன்புக்கரசிக்குப் பெரியம்மா மகள். டெய்சியின் அம்மா லூர்தம்மாள்தான் நித்யமாலாவின் அக்கா. சினிமா சான்ஸ் தேடிப்போன தங்கை விட்டுச்சென்ற ஒன்றரை வயதுக் குழந்தையைத் தன் பிள்ளையோடு பிள்ளையாக வளர்த்தவள். விடிகாலையில் மில் பஸ் வருவதற்குள் இரண்டு பேருக்கும் சடை பின்னிவிட்டு ஓடியவள் அவள். நித்யமாலா அந்த வாசலை மிதித்ததாகவே டெய்சிக்கு நினைவில்லை.

"சர்ச்சுல எனக்கு நடந்த புதுநன்மைச் சடங்குக்குத் தன்னோட கல்யாணச் சேலையை வெட்டி வெள்ளைக் கவுன் தச்சுக் குடுத்தாங்க" என்றாள் அன்புக்கரசி.

டெய்சி பல்லைக் கடித்தாள். அது லூர்தம்மாளின் கல்யாணச் சேலை. அதே கவுனை அடுத்த வருஷம் டெய்சியும் போட்டிருக்கிறாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த லூர்தம்மாளைப் பார்த்தாள். கிழவி ஒன்றும் காதில் விழாதவள் மாதிரி பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"நாலாங்கிளாஸ்ல எனக்கு அம்மை போட்டு, பிழைக்க மாட்டேன்னு சொல்லிட்டாங்க. அம்மா நேர்ந்துக்கிட்டு, ஒரு சேவலைத் தூக்கிக்கிட்டு, இங்கேயிருந்து திண்டுக்கல் செபஸ்தியார் கோயில் வரைக்கும் செருப்பில்லாம நடந்தாங்க."

முகேஷ்குமார் புருவத்தைச் சுருக்கினான். "அந்த வருஷம் முழுக்க மேடம் மலேசியாவுல ஷூட்டிங்ல இருந்தாங்கன்னு சொல்வாங்களே?"

அன்புக்கரசிக்கு முகம் வெளுத்துவிட்டது. அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

"இடையில வந்தா தம்பி!" அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள் லூர்தம்மாள். "நானும் அவ கூடத்தேன் நடந்தேன். என் கண்ணால பார்த்தேன்."

டெய்சி கையிலிருந்த டம்ளரை ணங்கென்று வைத்தாள்.

அதற்குமேல் முகேஷ்குமாருக்குக் கேட்க ஒன்றும் இல்லை. 'தியாகத் தாய்' என்று தலைப்பை மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். காப்பியைக் குடித்துவிட்டு மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினான்.

கார் தெருமுனை திரும்பியதும் டெய்சி வெடித்தாள்.

"வாய் கூசலையாக்கா உனக்கு? சேவலைத் தூக்கிக்கிட்டு நடந்து, கால் கொப்புளிச்சு எட்டு நாள் எந்திரிக்க முடியாமக் கிடந்தது யாரு? எங்கம்மா! நடிகை மகளாத் தெரியணும்னதும் வளர்த்தவ வேண்டாதவளாப் போயிட்டாளா? அதுவும் அவங்க காதுபட!"

அன்புக்கரசி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அவளை ஏசாதடி" என்றாள் லூர்தம்மாள். "நாந்தேன் அப்படிச் சொல்லச் சொன்னேன்."

"என்னது?"

"அவ முடியவே முடியாதுன்னா. ரெண்டு நாள் பச்சத்தண்ணி குடிக்காமக் கிடந்து சம்மதிக்க வச்சேன்."

"உனக்குப் பைத்தியமாம்மா? எட்டிக்கூடப் பார்க்காத பொம்பளைக்கு நீ செஞ்சதையெல்லாம் எதுக்குத் தூக்கிக் குடுக்கிற?"

அன்புக்கரசியும் நிமிர்ந்து பார்த்தாள். காரணம் அவளுக்கும் தெரியாது. பெரியம்மா கேட்டாள், அவள் செய்தாள்.

லூர்தம்மாள் இரண்டு பேர் முகத்தையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எட்டிப் பார்க்கலேன்னு யார்றி சொன்னது? நீங்க பள்ளிக்கூடத்துல இருக்கையில மூணு தடவை வந்தா. 'எம்பிள்ளையைக் குடுக்கா, நான் வளர்த்துக்கிறேன்'னு கெஞ்சுனா. கூத்தாடிச்சி கூடப் போனா பிள்ளை கெட்டுப்போகும்னு, கண்ணுலகூடக் காட்டாம மூணு தடவையும் மூஞ்சியில அடிச்ச மாதிரி கதவைச் சாத்துனவ நாந்தேன்டி."