லேலோங்கில் உயர்ந்த கை

"நம்ம ஆளுங்க ஒருத்தரும் கையைத் தூக்கக் கூடாது. சேதுராமன் வீட்டை இன்னொரு தமிழன் லேலோங்கில எடுத்தான்னு பேரு வரக் கூடாது, சொல்லிட்டேன்!"

சங்கச் செயலாளர் மருதமுத்து இதை காஜா பெராங் வட்டாரம் முழுக்க வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்தார். அவர் சொல்லாவிட்டாலும் யாரும் ஏலம் கேட்டிருக்க மாட்டார்கள். கடனில் மூழ்கிய வீடு லேலோங் என்கிற ஏலத்துக்கு வந்தால், ஊர்க்காரர்கள் போய்க் கையைக் கட்டிக்கொண்டு பேசாமல் நிற்பார்கள். துக்க வீட்டுக்குப் போய் வருகிற மாதிரி அது ஒரு மரியாதை.

சேதுராமன் இறந்து எட்டு மாதம். வட்டியோடு கடன் நாலாயிரத்து இருநூறு வெள்ளி. அவர் மனைவி சிவகாமசுந்தரிக்கு அந்தப் பலகை வீட்டை விட்டால் வேறொன்றும் இல்லை. பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்கள் வேறு.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டு வாசலிலேயே லேலோங். நாடு சுதந்திரம் அடைய இன்னும் மூன்று வாரம். எதிர்க் காப்பிக் கடையில் கொடித் தோரணம் கட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றார்கள்.

ஏலக்காரர் நாலாயிரத்தில் ஆரம்பித்தார். சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த, தொப்பி போட்ட வீட்டுத் தரகர் ஒருவர் சோம்பலாக ஒரு விரலைத் தூக்கினார். வேறு யாரும் அசையவில்லை.

"நாலாயிரம் ஒரு தரம்..."

"நாலாயிரத்து இருநூத்தம்பது!"

எல்லாத் தலையும் திரும்பியது. பழைய மேசை நாற்காலி வாங்கி விற்கும் கபீர்! சேதுராமனோடு இருபது வருஷம் பழகியவர். தீபாவளி தவறாமல் இந்த வீட்டில் கை நனைத்தவர்.

"யோவ் கபீரு, உனக்கு வெக்கமா இல்ல?" என்று மருதமுத்து பாய்ந்தார்.

"லேலோங்னா யாரும் கேக்கலாம்."

தொப்பிக்காரர் நாலாயிரத்து ஐந்நூறு என்றார். கபீர் ஐயாயிரம் என்றார்.

தொப்பிக்காரர் கபீரை மேலும் கீழும் பார்த்தார். வீட்டைப் பார்த்தார். ஒரு சிரிப்புச் சிரித்து, பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார்.

"ஐயாயிரம் ஒரு தரம்... ரெண்டு தரம்..."

கபீருக்கு வியர்த்துக் கொட்டியது.

அப்போதுதான் சிவகாமசுந்தரி வீட்டுக்குள்ளிருந்து ஓடி வந்தாள்.

"உங்களை அண்ணன்னுதானே கூப்பிட்டேன்! அவரு பக்கத்துல உக்கார வச்சுச் சோறு போட்டேனே! என் பிள்ளைங்களைத் தெருவுல நிறுத்திட்டு நீங்க இங்க குடி வரப் போறீங்களா? நல்லா இருப்பீங்களா நீங்க?"

குனிந்து, இரண்டு கையாலும் மண்ணை வாரி அவர் மேல் தூற்றினாள். யாரும் தடுக்கவில்லை. தடுக்க யாருக்கும் மனசும் வரவில்லை.

கபீர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

தெரு வரை போய்விட்ட தொப்பிக்காரர் திரும்பி வந்தார். "ஐயாயிரத்து ஐந்நூறு."

அதற்குப் பிறகு மளமளவென்று ஏறியது. தொப்பிக்காரர் ஆறாயிரத்து எண்ணூறு என்றதும் கபீர் வாயை மூடிக்கொண்டார். சுத்தியல் விழுந்தது.

"வீடும் கிடைக்கல, பேரும் கெட்டுப் போச்சு. நல்லா வேணும்" என்று ஊர் சிரித்தது. அன்று முதல் கபீர் கடைப் பக்கம் யாரும் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

கொடியேற்றம், கொண்டாட்டம் எல்லாம் முடிந்து செப்டம்பர் கடைசியில், பண்டார் ஹிலிரில் வாடகை அறையில் இருந்த சிவகாமசுந்தரிக்கு ஓர் ஆங்கிலக் கடிதம் வந்தது. இன்னும் கடன் பாக்கியோ என்று பயந்து, மருதமுத்துவிடம் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

அவர் படித்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் படித்தார்.

"கடனும் செலவும் போக மிச்சம் ரெண்டாயிரத்து நானூறு வெள்ளி உனக்குத்தான் சேருமாம்மா. கடனுக்கு மேல ஏலம் போனா, அந்தக் காசு வீட்டுக்காரங்களுக்காம்."

"நாலாயிரத்துக்கே முடிஞ்சிருந்தா?"

மருதமுத்து கடிதத்தை மடித்தார். "குறையிற பணத்துக்கு உன்னைத்தான் பிடிச்சிருப்பாங்க. நாங்க மரியாதை பண்ணின லட்சணம் இது."

இருவரும் கபீர் கடைக்குப் போனபோது, அவர் ஒரு நாற்காலிக் காலுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். சிவகாமசுந்தரி வாசலிலேயே நின்று அழுதாள்.

"இது உனக்கு முன்னாடியே தெரியுமா கபீரு?" என்றார் மருதமுத்து.

"பதினஞ்சு வருஷமா லேலோங்குல சாமான் எடுக்கிறேன். தெரியாம இருக்குமா?"

"ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாமே அண்ணே!" என்றாள் சிவகாமசுந்தரி. "சொல்லியிருந்தா நான் அப்படிப் பேசியிருப்பேனா? மண்ணைத்தான் வாரித் தூத்தியிருப்பேனா?"

"மாட்டே. அதான் சொல்லல" என்றார் கபீர். "வலிக்காம இல்ல. வீட்டுக்குப் போய் அழுதேன். ஆனா என் கையில அன்னைக்கு இருந்தது முப்பது வெள்ளி. விலையை ஏத்திவிட நீ ஏற்பாடு பண்ணின ஆளுதான் நான்னு நினைச்சு அந்தத் தொப்பிக்காரன் பையைத் தூக்கிட்டுக் கிளம்பினான். நீ மண்ணை வாரித் தூத்தினே பாரு தங்கச்சி, அதுக்கப்புறம்தான் அவன் என்னை நம்பினான்."