கடிதத்தில் இருந்த பெயர்

எழுத்தர் லோப்போ கடிதத்தைக் கடகடவென்று வாசித்துக்கொண்டே வந்து, ஒரு பெயரில் நின்றார்.

“‘செத்தூபால் உப்பளத்தைச் சேர்ந்த, மணமாகாத பெண்ணாகிய கொன்ஸ்தான்சாவுக்கும் நமக்கும் பிறந்த ரூய் என்பவனை, முறைப்படி பிறந்த மகனாகவே இன்று முதல்...’”

ரூய் எழுந்துவிட்டான். “கொன்ஸ்தான்சாவா? அது யாரு?”

குடிசைக்குள் இருந்தது மூன்று பேர். ராஜாவின் கடிதத்தைக் கொண்டுவந்த லோப்போ, ராஜாவின் மகன் ரூய், அவனைப் பெற்ற எல்விரா. சாட்சிக்கு வந்த இரண்டு கனவான்கள் வெளியே காற்றாட உட்கார்ந்து, சுட்ட மத்தி மீனைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள்.

எல்விரா உப்பு தின்று வெடித்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உங்க பேருகூட அந்த மனுஷனுக்கு ஞாபகம் இல்ல,” என்றான் ரூய். “எத்தனை பொம்பளைங்களோ! எவளோ ஒருத்தி பேரை எழுதித் தள்ளிட்டாரு.”

அவளை அவன் ‘நீங்க’ என்றுதான் சொல்வான். பால் மறந்த மாதமே ராஜாவின் ஆட்கள் வந்து அவனைத் தூக்கிப்போய், தூரத்துக் கோட்டை ஒன்றில் வளர விட்டார்கள். அம்மாவை முதன்முதலாகப் பார்த்தபோது அவனுக்கு மீசை அரும்பியிருந்தது.

பிள்ளையை வாங்கிப் போனவர்கள் பெற்றவளின் பெயரைக் கேட்கவில்லை. கோழிக்குஞ்சை வாங்குகிறவன் கோழியின் பெயரையா கேட்பான்?

“திருப்பி எடுத்துட்டுப் போய் மாத்தி எழுதிட்டு வாங்க.”

“ராஜா படுத்திருக்கிற சந்தாரெம் போக ரெண்டு நாள், வர ரெண்டு நாள்,” என்றார் லோப்போ. “ஞாயித்துக்கிழமையிலேர்ந்து ராஜாவுக்குப் பேச்சே இல்ல தம்பி. முத்திரை வச்ச கையும் விழுந்துபோச்சு. இனி இதை மாத்த ஆள் கிடையாது.”

ராஜாவுக்கு முறையாகப் பிறந்த மகன் இல்லை. ஒரு தம்பி இருக்கிறார். அண்ணன் கண்ணை மூடட்டும் என்று படையோடு லிஸ்பனில் காத்திருக்கிறார். அரியணையில் உட்கார்ந்ததும் அண்ணன் மகனை அவர் என்ன செய்வார் என்பது நாடறிந்த விஷயம். கடிதம் செல்லுபடியானால் ரூய் அரசன். செல்லாவிட்டால் அவன் வைப்பாட்டி மகன், அதுவும் சில நாட்களுக்குத்தான்.

“கடிதத்துல இருக்கிற பேரும் பெத்தவ பேரும் ஒண்ணா இருக்கணும்,” என்றார் லோப்போ. “பெத்தவளே வேதப்புத்தகத்துல கைய வச்சு ‘நான்தான்’னு சொல்லணும். கொஞ்சம் பிசகுனாலும் உங்க சித்தப்பா ஆளுங்க இதைக் கிழிச்சுப் போட்டுருவாங்க.”

பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். “எனக்குக் காது மந்தம். நீங்க ரெண்டு பேரும் இப்ப பேசுனது எதுவும் கேக்கல. ஊர்க்காரங்க வாயை நான் அடைச்சுக்கிறேன்.”

எல்விரா எழுந்து வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“சாட்சிக்காரங்களே, கையக் கழுவிட்டு உள்ள வாங்க!”

மீன் வாடையோடு இருவரும் வந்து நின்றார்கள். அவள் புத்தகத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள். தோல் அட்டையில் நாலைந்து உப்புக்கல் உதிர்ந்தது.

“கொன்ஸ்தான்சாங்கிறது நீதானாம்மா?” என்று கேட்டார் லோப்போ.

“நான்தான்.”

குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. ரூய்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

லோப்போ கடிதத்தை மடித்து, மெழுகை உருக்கி ஊற்றினார். அதுவரை தம்பி என்றவர், இடுப்பு வளையக் குனிந்தார். “கிளம்பலாம், இளவரசே.”

ரூய் அவள் கையை முத்தமிடக் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான். “எனக்காகப் பேரையே விட்டுக்கொடுத்துட்டீங்க. அந்த ஆளை நான் சாகுறவரைக்கும் மன்னிக்க மாட்டேன்மா.”

அவன் அம்மா என்றது அதுதான் முதல் தடவை.

ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் மனம் ஆறிவிடும். ஆனால் சாட்சிகள் ஒரு முழத் தூரத்தில் நின்றார்கள். அந்த வார்த்தை அவர்கள் காதில் விழுந்தால் கடிதம் போயிற்று, பிள்ளையும் போயிற்று.

“பத்திரமாப் போ,” என்றாள்.

திரும்பி வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அரசர்கள் உப்பளத்துக்குத் திரும்பி வருவதில்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

குதிரைகள் போன புழுதி அடங்கியதும், உப்பு வாரும் பலகையை எடுத்துக்கொண்டு பாத்தியில் இறங்கினாள். வெயிலில் உப்பு கண்ணைக் கூசவைத்தது.

இருபத்தாறு வருஷத்துக்கு முன்பு இதே பாத்தியில்தான் அவள் உப்பு வாரிக்கொண்டிருந்தாள். வேட்டைக்கு வந்த ஒருவர் குதிரையை நிறுத்தித் தண்ணீர் கேட்டார். பிறகு பெயர் கேட்டார்.

குதிரையில் வருகிறவனிடம் உப்பளத்துப் பெண்கள் நிஜப்பெயரைச் சொல்வதில்லை. சொன்னால் மறுநாள் வீடு தேடி ஆள் வரும். அவளும் வாயில் வந்த பெயர் ஒன்றைச் சொன்னாள்.

அவர் ராஜா என்று தெரிய பத்து நாள் ஆயிற்று. முதல் வார்த்தையே பொய் என்று ஒரு ராஜாவிடம் எப்படிச் சொல்வது? கோடை முழுக்க அவர் அந்தப் பெயரைச் சொல்லியே கூப்பிட்டார். அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்ப்பது அவளுக்கும் பிடித்துப்போயிற்று.

ஒரு கோடைதான். அவர் மறக்கவில்லை.

ஆளில்லாத உப்பளத்தில் அந்தப் பெயரை ஒரு தடவை சத்தமாகச் சொல்லிப் பார்த்தாள்.

பழக்கத்தில் திரும்பியும் பார்த்தாள்.