ஓடைமேட்டு லாரி

“மறுபடியும் நின்னு போச்சு. அதே ஓடைமேடு, அதே ஆறு மணி. நீயெல்லாம் ஒரு எலெக்ட்ரீசியனாய்யா?”

லாரி முதலாளி பலவேசம் பட்டறை வாசலில் நின்று கத்தியதில், எதிர் டீக்கடையில் பாதிப் பேர் கிளாசைக் கீழே வைத்துவிட்டார்கள்.

கனகசபாபதிக்கு எரிச்சல் தலைக்கேறியது. சுதந்திரத்துக்கு முன்னாலிருந்தே சிவகாசியில் வண்டி வயரிங் பார்க்கிறவர். அவர் கைபட்ட வண்டி திரும்பி வந்ததில்லை. இந்தப் பாழாய்ப்போன யுத்தகாலத்துப் பெட்ரோல் லாரி மட்டும் மூன்று வாரத்தில் நாலு தடவை வந்துவிட்டது.

முதல் தடவை கோளாறு நிஜம். பெட்ரோலை இழுத்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கரண்டு பம்புக்குப் போன வயர், நூல் மாதிரி இருந்தது. பாட்டரியில் பன்னிரண்டு வோல்ட். பம்புக்குப் போய்ச் சேர்ந்தது ஒன்பதுதான். பாட்டரியிலிருந்தே நேராகத் தடித்த வயராக இழுத்தார். பெயிண்ட்டைச் சுரண்டி எர்த் வயரை இறுக்கினார். மீட்டர் முள் பன்னிரண்டுக்குப் போய் நின்றது. அப்புறமும் வண்டி நின்றால் மனுஷன் என்னதான் செய்வான்?

“இன்னைக்கும் நின்னுச்சுன்னா என் அஞ்சு வண்டியும் உன் பட்டறைப் பக்கம் வராது. சாத்தூர் வரைக்கும் ஒவ்வொரு கம்பெனியிலயும் சொல்லிவைப்பேன், பாத்துக்க.”

சொன்னால் செய்கிற ஆள்தான். அன்று சாயந்தரமே கனகசபாபதி சைக்கிளை மிதித்து, விஸ்வநத்தம் தாண்டி ஓடைமேட்டுக்குப் போய் ஒரு வேலிக்கருவைப் புதர் மறைவில் நின்றுகொண்டார்.

லோடு இறக்கிவிட்டு வெறும் வண்டி ஜோராகத்தான் வந்தது. மேட்டுக்கு முன்னால் டிரைவர் ஊர்க்காவலன் தானாகவே ஓரங்கட்டினான். இறங்கினான். பம்பு வயரைக் கையாலேயே பிடுங்கினான்.

அடப்பாவி என்று பல்லைக் கடித்தார் கனகசபாபதி.

பட்டாசுக் கம்பெனியில் வேலை முடிந்து நடந்து வந்த பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர், யாரும் கூப்பிடாமலே தூக்குவாளிகளை வண்டியில் வைத்துவிட்டுப் பின்னால் போனார்கள். ஒருத்திக்கு எட்டு மாசம் இருக்கும். அவளை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு மற்றவர்கள் நாலடி தள்ளினார்கள். அப்புறம் எல்லாரும் ஏறிக்கொண்டார்கள்.

கனகசபாபதி ஓடிப்போய் டிரைவர் சட்டையைப் பிடித்தார். “ஏலே, என் பொழப்புல மண்ணள்ளிப் போடவா பாக்கே?”

“அண்ணாச்சி, சத்தம் போடாதீக. ஆளை ஏத்தினா வேலை போயிரும்னு முதலாளி சொல்லியிருக்காக. ஆனா நின்ன வண்டியத் தள்ளிவிட்டவுகள ரோட்டுல விட்டுட்டுப் போற வழக்கம் நம்ம பக்கம் கிடையாதுல்ல. அதுக்கு மட்டும் அவுக ஒண்ணும் சொல்லமாட்டாக. இவுக ஊருக்கு ஆறு மைலு. மொதல்ல வண்டி நெசமாவே நின்னுச்சு, தெனம் ஏத்திக்கிட்டுப் போனேன். நீங்க சரிபண்ணிப்புட்டீக. நான் என்ன செய்ய?”

“அப்ப நான் ஒழுங்கா வேலை பாத்தது குத்தமாலே?”

ஊர்க்காவலன் சட்டையை விடுவித்துக்கொண்டு, பிடுங்கிய பம்பு வயரைத் திரும்ப மாட்டினான். கனகசபாபதி கோபம் அடங்காமலே சைக்கிளைத் திருப்பினார்.

மறுநாள் காலையிலேயே பலவேசம் வந்துவிட்டார். “நேத்தும் நின்னுச்சாமே. டிரைவர் பய ஏதும் கோளாறு பண்றானா?”

கனகசபாபதி மீட்டரைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார்.

“அவன் மேல தப்பில்ல முதலாளி. நேருல போய்ப் பாத்துட்டேன். எனக்குத் தெரிஞ்ச வேலை அம்புட்டுதேன். நீங்க வேற ஆளைப் பாத்துக்கிடுங்க.”