வடை மாவும் சிவப்புப் பொத்தானும்

என்ன போட்டாலும் "முடியாது" என்று சொல்ல அந்த மிக்ஸி மோட்டாருக்கு வாய் வராது. ஓவர்லோடு ஆனால் வெளியே குதிப்பதற்கென்றே அதன் அடியில் ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது.

அன்றைக்கு வடைக்காக ஜார் முட்ட உளுந்து போட்டு, தண்ணீரே விடாமல் ஓட்டினார்கள். மோட்டார் கொதித்தது.

"அண்ணே, போதும்!" என்றது பொத்தான்.

"சும்மா இருடா! என் மானம் போயிடும்."

பொத்தான் டக்கென்று குதித்தது. மிக்ஸி நின்றது. மோட்டார் வாய்க்கு வந்தபடி திட்டியது. பொத்தானுக்குச் சிரிப்புதான் வந்தது; கருகல் வாசனை வரவில்லையே!

சூடு ஆறியதும் பாதி உளுந்தை எடுத்து, தண்ணீர் தெளித்து, பொத்தானை அமுக்கினார்கள். மாவு பஞ்சாகப் பொங்கியது.

மறுநாளும் ஜாரில் உளுந்து மலையாகக் குவிந்தது. மோட்டார் ரகசியமாகக் கேட்டது: "தம்பி, முழிச்சிட்டுதானே இருக்கே?"