ஐஸ் பெட்டியில் வந்த விரல்

"செபமாலையைத் தொட்டுச் சத்தியம் பண்ணுண்ணே. பண்ணாம நான் இந்த ரூம விட்டு நகர மாட்டேன்."

ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று ஜின்சன் செபமாலையை நீட்டினான். கட்டிலில் கிடந்த அண்ணன் மிக்கேல்ராஜ் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஜின்சனுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? மூணாறுக்கு மேலே எஸ்டேட்டில், தேயிலைச் செடியை வெட்டிக் கவாத்து பண்ணும் மெஷின் அண்ணனின் வலது கைப் பெருவிரலைத் துண்டாக்கிவிட்டது. கூட நின்றவர்கள் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். ஜின்சன்தான் விரலைத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, மீன்காரரிடம் ஐஸ் பெட்டியைப் பிடுங்கி அதில் வைத்தான். அண்ணனைத் தன் ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு மலையிறங்கி எர்ணாகுளம் வந்துதான் நின்றான். டூரிஸ்டுகளை ஏற்றிக்கொண்டு ஆடி அசைந்து போகிற ஜீப் அன்றைக்குப் பறந்தது.

டாக்டர்கள் விரலைத் தைத்து ஒட்ட வைத்துவிட்டார்கள். அது பிழைத்தால்தான் அண்ணனுக்கு வேலை. வேலை இருந்தால்தான் எஸ்டேட் லயத்தில் வீடு. விரல் போனால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"ரத்தக்குழாய் நூல் கனம்தான் இருக்கு. குளிரக் கூடாது, ஜன்னல் சாத்தியே இருக்கணும். புகை பக்கத்துலயே வரக் கூடாது," என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார்.

நேற்று ஜின்சன் கான்டீனில் சோறு வாங்கிக்கொண்டு வந்து பார்த்தால், விரல் வெளுத்துக் கிடக்கிறது. டாக்டர் பக்கத்தில் நின்று கத்திக்கொண்டிருக்கிறார்.

"இங்கே புகை பிடிச்சது யாரு?"

"நான்தான் சார். பாத்ரூம்ல ஒரே ஒரு பீடி," என்றார் மிக்கேல்ராஜ், கொஞ்சமும் கூசாமல்.

டாக்டர் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். அவசரமாக ஊசி மருந்து ஏற்றி, ஒருவழியாக விரலுக்கு நிறம் திரும்பியது. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வெட்டி எடுக்கிறதுதான் வழி," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதிலிருந்து ஜின்சன் அண்ணனைக் கண்கொத்திப் பாம்பாகக் காவல் காக்கிறான்.

"சரிடா, சத்தியம். இனிப் பீடியத் தொட மாட்டேன். போதுமா?" மிக்கேல்ராஜ் இடது கையால் செபமாலையைத் தொட்டார். "நீ ஊருக்குக் கெளம்பு. ஒன் மதினிய வரச் சொல்லு. கத்தரீனா என்னைப் பாத்துக்கிருவா."

"எதுக்கு? மதினி அந்தப் பக்கம் திரும்புனதும் பத்த வைக்கவா?"

"போடான்னா போயேன்டா."

"போக மாட்டேன்."

காலையிலிருந்து இதே பாட்டு. விடிந்ததிலிருந்து அண்ணன் அவனைத் துரத்துவதிலேயே குறியாக இருந்தார். ஆளை அனுப்பிவிட்டுத் திருட்டுப் பீடி இழுக்கும் திட்டம்! ஜின்சனுக்கா தெரியாது?

"நான் சிகரெட்ட விடலையா? மனுசனுக்கு மனசுல உறுதி வேணும்ணே!"

சிகரெட்டை விட்டவன்தான், அதில் பொய்யில்லை. அதற்குப் பதிலாக, ஒரு டூரிஸ்ட் பையன் கொடுத்த பேனா மாதிரி ஒன்றை உறிஞ்சிக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். நெருப்பில்லை, சாம்பலில்லை. சளிக்கு ஆவி பிடிக்கிறோமே, அந்த மாதிரிதான் இதுவும் என்பது அவன் கணக்கு.

சத்தியம் வாங்கிய நிம்மதியில் வராந்தா மூலைக்குப் போய் இரண்டு இழுப்பு இழுத்தான்.

"இதெந்தா?" பின்னால் நர்ஸ் ஷிஜி.

"சிகரெட் இல்ல சிஸ்டர். வெறும் ஆவி."

"ஆவியா? இது இ-சிகரெட்தானே? இதுலயும் நிக்கோட்டின் உண்டு. இழுத்துக் கொஞ்ச நேரத்துலயே ரத்தக்குழாய் சுருங்கும், நெஞ்சு வேகமா அடிக்கும். சம்சயம்னா உங்க விரலையே தொட்டுப் பாருங்க."

ஜின்சன் விரல் நுனியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தான். சில்லென்றிருந்தது. நெஞ்சு படபடவென்று அடித்தது.

"தைச்ச விரல் உள்ளவர் பக்கத்துல இதை இழுக்கவே கூடாது. அவருக்கும் அந்தக் காத்துதானே? ரூமுக்குள்ள வச்சு இழுக்கலையே?"

ஷிஜி கையை நீட்டினாள். ஜின்சன் அந்தப் பேனாவை அவள் கையில் கொடுத்தான்.

நேற்று கான்டீனுக்குக் கிளம்புவதற்கு முன்னால், ஜன்னல் சாத்திய அந்த அறையில், அண்ணன் தலைமாட்டில் உட்கார்ந்து ஆசை தீர இழுத்தது அவனேதான். அண்ணன் கண்ணை மூடிக் கிடந்தார். தூங்குகிறார் என்றுதான் நினைத்திருந்தான்.

திரும்ப அறைக்குள் போய்க் கட்டிலருகே நின்றான்.

"அண்ணே, நெசத்தச் சொல்லு. நேத்து நீ பீடி பிடிச்சியா?"

மிக்கேல்ராஜ் அவன் முகத்தைப் பார்த்தார். இனி மறைத்துப் பிரயோசனமில்லை என்று தெரிந்துபோனது.

"வெரல் அறுந்த அன்னைக்கே அதத் தலை முழுகியாச்சுடா. நேத்து நீ இழுத்தப்ப நான் தூங்கல."

"அப்புறம் ஏண்ணே டாக்டர்கிட்ட அப்படிச் சொன்ன? ஒன்ன நாக்கப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டாரே! காலையிலேருந்து நானும் எவ்வளவு பேசிட்டேன்!"

"அம்புட்டு மலையும் எறங்கி இந்த வெரலக் கொண்டாந்து சேர்த்தவன் நீ. அது போறதா இருந்தா என் கெட்ட புத்தியால போச்சுன்னே இருக்கட்டும்டா. தம்பியால போச்சுன்னு காலம் பூரா நீ கெடந்து வேகக் கூடாதுல்ல, அதான் பழிய நான் ஏத்துக்கிட்டு ஒன்ன ஊருக்குத் தொரத்துனேன்."